கடைசி வரி வெட்டுப்பட்டால் கருத்தே மாறிவிடும்: கைப்பேசிச் செயலிகளில் தமிழுக்கு உரிய உயரம்

"முன்பதிவை இரத்துச் செய்தால் நீங்கள் செலுத்திய பணம் மீளத் தரப்பட மாட்டாது." இந்த வசனத்தின் கடைசிச் சொல்லை மட்டும் விரலால் மறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் என்றே மனம் எடுத்துக்கொள்ளும். "இந்த மருந்தை வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது" என்பதிலும் கடைசிச் சொல்லை மறைத்துப் பாருங்கள். அறிவுறுத்தல் நேர் எதிராக மாறுகிறது.

தமிழில் வினைமுற்று வசனத்தின் இறுதியில்தான் வருகிறது. ஆம், இல்லை, முடியும், முடியாது, வேண்டும், கூடாது எல்லாமே அங்கேதான். ஆங்கிலத்தில் "நோ ரீஃபண்ட்" என்று முதற்சொல்லிலேயே மறுப்பு வந்துவிடும். எனவே ஒரு கைப்பேசித் திரையில் இரண்டு மொழிகளிலும் கடைசி வரி வெட்டுப்பட்டால், ஆங்கில வாசகர் ஒரு விபரத்தை இழக்கிறார்; தமிழ் வாசகர் தீர்ப்பையே இழக்கிறார்.

கைப்பேசிச் செயலிகளை உருவாக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இந்த வெட்டு ஏன் நடக்கிறது, யார் அதைத் தடுக்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இது மென்பொருள்காரர்களின் சின்ன விடயம் என்று பலரும் நினைக்கலாம். ஆனால் வங்கிக் கணக்கு, மின்சாரக் கட்டணம், வைத்தியரிடம் முன்பதிவு, ரீலோட், பஸ் ஆசனம் என்று முன்னர் கருமபீடத்தில் நின்று கேட்டு அறிந்த அனைத்தும் இன்று திரைக்குள் வந்துவிட்டன. கருமபீடத்தில் புரியாவிட்டால் திருப்பிக் கேட்கலாம். திரையில் வெட்டுப்பட்ட வரியிடம் எதையும் கேட்க முடியாது.

எமது அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை, 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தத்தின் பின்னர், தமிழையும் அரசகரும மொழி என்கிறது. அந்த உரிமை கடிதத்திலும் பெயர்ப்பலகையிலும் மதிக்கப்படுகிறதா என்று நாம் பல வருடங்களாகக் கேட்டு வருகிறோம். திரையிலும் அதே கேள்வியைக் கேட்கும் காலம் வந்துவிட்டது. மொழித் தெரிவில் "தமிழ்" என்ற பொத்தான் இருப்பது மட்டும் போதாது. அதை அழுத்திய பிறகு வரும் வசனம் முழுமையாகத் தெரியவும் வேண்டும்.

ஒரு வரியின் உயரம் எங்கிருந்து வருகிறது?

திரையில் எழுத்துகளைக் காட்டும் சிறிய பெட்டியை மென்பொருள்காரர்கள் லேபல் என்பார்கள். ஒவ்வொரு லேபலுக்கும் ஓர் அகலமும் ஓர் உயரமும் உண்டு. அகலத்தைப் பெரும்பாலும் திரையே தீர்மானித்துவிடும். உயரத்தைத்தான் யாராவது கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கு பிழைத்தால் வசனம் வெட்டுப்படும்.

பாடசாலையில் ஆங்கிலம் எழுதப் பழகிய நான்கு கோட்டுக் கொப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் அமரும் கோடு ஒன்று. அதற்கு மேலே உயரும் பகுதிக்கு ஓர் எல்லை, கீழே இறங்கும் பகுதிக்கு இன்னோர் எல்லை. ஒவ்வொரு எழுத்துருவும் இந்த இரண்டு எல்லைகளையும், வரிகளுக்கு இடையில் விடவேண்டிய வெளியையும் தனக்குள் எண்களாக வைத்திருக்கிறது. மூன்றையும் கூட்டினால் ஒரு வரியின் உயரம் கிடைக்கும். எழுத்தின் அளவு 16 என்றால் வரியின் உயரமும் 16 என்று பொருளல்ல. அது 19 ஆகவும் இருக்கலாம், 24 ஆகவும் இருக்கலாம். எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபடும்.

ஆங்கிலத்தில் பல எழுத்துகள் நடுவில் உள்ள இரண்டு கோடுகளுக்குள் அடங்கிவிடும். தமிழ் அப்படியல்ல. புள்ளியும், இகர ஈகாரக் குறிகளும் மேலே ஏறுகின்றன. உகர ஊகாரக் குறிகள் பலவும் கீழே இறங்குகின்றன. இவை அலங்காரங்கள் அல்ல, பொருளையே தாங்குபவை. "நிதி", "நீதி" இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு முதலெழுத்தின் உச்சியிலுள்ள ஒரு சின்னச் சுழி. மேலே ஒரு கீற்று வெட்டுப்பட்டால் நீதி அமைச்சின் அறிவித்தலும் நிதி அமைச்சின் அறிவித்தலும் ஒன்றுபோலத் தெரியும். "விடு" என்பதும் "வீடு" என்பதும் அப்படியே. கீழே வெட்டுப்பட்டால் "குடம்", "கூடம்" என்ற சொற்கள் தடுமாறும்.

அறபு இன்னும் நுட்பமானது. ஒரு எழுத்துக்கு மேலே ஷத்து, அதற்கும் மேலே ஸபர் என்று குறிகள் அடுக்காக நிற்கும். ஸேர் கீழே இறங்கும். ஸலவாத் வாசகம் முழுவதும் யூனிகோடில் ஒரே ஒரு குறியாகவும் உண்டு. அந்த ஒற்றைக் குறிக்குள் பல சொற்கள் அடுக்கப்பட்டிருப்பதால் சில எழுத்துருக்களில் அது பக்கத்து எழுத்துகளைவிட உயரமாக நிற்கும். தமிழ் வசனத்தின் நடுவே அந்தக் குறி வரும்போது அந்த ஒரு வரியின் உயரம் மட்டும் மாறக்கூடும். துஆ, அறபு மூலம், தமிழ் மொழிபெயர்ப்பு, குறிப்பு என்று நான்கு பாணியில் எழுத்துகள் வரும் மார்க்கச் செயலிகளில் ஒரே உயரத்தை எல்லாவற்றுக்கும் வைப்பது எவ்வளவு பொருத்தமற்றது என்பதை இதிலிருந்து உணரலாம்.

வெட்டு நிகழும் இடங்கள்

முதலாவது, உயரத்தை ஆங்கிலத்துக்கு ஏற்ப நிரந்தரமாக வைத்துவிடுவது. வடிவமைப்பாளர் ஆங்கில வசனத்தை வைத்துத் திரையை வரைகிறார். அது இரண்டு வரி. வரிக்கு 24 அலகு வீதம் பெட்டிக்கு 48 அலகு ஒதுக்குகிறார். அதே விடயம் தமிழில் மூன்று வரியாகிறது; தேவை 72 அலகு. பெட்டி வளராததால் மூன்றாவது வரி மறைகிறது. அந்த மூன்றாவது வரியில்தான் "மாட்டாது" இருக்கிறது. சில செயலிகளில் மூன்று புள்ளிகளாவது தெரியும், வாசகருக்கு ஏதோ குறைகிறது என்று புரியும். சிலவற்றில் அந்த அடையாளமும் இல்லாமல் வரி அப்படியே காணாமற் போகும். இரண்டாவது வகைதான் அதிக ஆபத்தானது.

இரண்டாவது, எழுத்துகளை எண்ணி உயரத்தை ஊகிப்பது. "ஒரு வரியில் 40 எழுத்து, இந்த வசனத்தில் 80 எழுத்து, ஆகவே இரண்டு வரி" என்ற கணக்கு தமிழுக்கு அறவே ஒத்துவராது. "முஸ்லிம்" என்ற சொல்லில் நம் கண்ணுக்குத் தெரிவது நான்கு எழுத்து. யூனிகோடில் அது எட்டுக் குறிகள், ஏனென்றால் உகரக் குறி, இகரக் குறி, இரண்டு புள்ளிகள் ஆகியன தனித்தனியாகச் சேமிக்கப்படுகின்றன. அதோடு "ணௌ" எடுக்கும் அகலமும் "ர" எடுக்கும் அகலமும் ஒன்றல்ல. நீளத்தை எண்ணிப் பார்க்க முடியாது. வரைந்து அளக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, அளக்கும் பாணி ஒன்று, வரையும் பாணி வேறொன்று. ஒரே லேபலுக்குள் தலைப்பு தடித்த எழுத்திலும், தொகை பெரிய எழுத்திலும், நிபந்தனை சிறிய எழுத்திலும் வருவதுண்டு. அளக்கும்போது இந்தப் பாணிகளைச் சொல்லாமல் வெறும் எழுத்துத் தொடரை மட்டும் கொடுத்தால் கிடைக்கும் விடை வேறொரு வசனத்துக்குரியது. ஐபோனில் எழுத்துரு எதுவென்று குறிப்பிடாத பாணித் தொடரை அமைப்பு 12 புள்ளி அளவுள்ள ஹெல்வெட்டிக்கா எழுத்துருவில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். திரையிலோ 17 புள்ளியில் எழுதப்பட்டிருக்கும். அளவு போதாமல் போவதில் ஆச்சரியம் என்ன?

நான்காவது, எழுத்துரு மாறுவது. பல செயலிகள் அழகான ஆங்கில எழுத்துரு ஒன்றைத் தெரிவு செய்திருக்கும். அதற்குள் தமிழ் எழுத்துகளே இருக்காது. கைப்பேசி உடனே தன்னிடமுள்ள ஒரு தமிழ் எழுத்துருவை அந்த இடத்துக்குக் கொண்டுவரும். ஆனால் வரியின் உயரம் ஆங்கில எழுத்துருவின் எண்களிலேயே நின்றுவிட்டால், மேலே புள்ளியும் கீழே ஊகாரச் சுழியும் வெட்டுப்படும். ஒருவருடைய அளவை எடுத்து இன்னொருவருக்குச் சட்டை தைத்ததற்கு இது ஒப்பானது.

ஐந்தாவது, முழு எண்ணாக்குவது. உண்மையான உயரம் 71.4 என்று வருகிறது. செயலி தசமத்தை விட்டுவிட்டு 71 என்று வைக்கிறது. மூன்றாவது வரிக்கு 0.4 அலகு போதவில்லை. அதனால் முழு வரியும் கைவிடப்படலாம். அப்படியான இடங்களில் எப்போதும் மேல்நோக்கி 72 ஆக்க வேண்டும்.

ஆறாவது, எமது வீடுகளில் அதிகம் நடப்பது. எனது உம்மாவுக்குக் கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரிவதில்லை. தம்பி அவரது கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தான். செய்திகள் நன்றாகத் தெரிந்தன. ஆனால் கட்டணம் செலுத்தும் ஒரு செயலியில் பொத்தானின் மேல் அரைச் சொல்தான் தெரிந்தது. "மகன், இதை அமத்தினா காசு போயிடுமா?" என்று கேட்டார். எழுத்தைப் பெரிதாக்கினால் எழுத்து வளர்கிறது, பெட்டி வளர்வதில்லை. ஆண்ட்ராய்டில் எழுத்துக்கு எஸ்.பி. என்ற அலகும் பெட்டிக்கு டி.பி. என்ற அலகும் பயன்படுகின்றன. முதலாவது பயனாளியின் விருப்பத்துக்கேற்ப வளரும், இரண்டாவது வளராது. உயரத்தை டி.பி. இல் பூட்டிவைத்த செயலி, பார்வை குறைந்த வயோதிபர்களிடமே முதலில் வெட்டுப்படுகிறது. யாருக்காகப் பெரிதாக்கும் வசதி உருவாக்கப்பட்டதோ அவர்களே பாதிக்கப்படுகிறார்கள்.

கைப்பேசி நிறுவனங்கள் செய்திருப்பவை

இந்தக் குறை அறியப்படாத ஒன்றல்ல. கூகுள் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஆண்ட்ராய்ட் 5 இலேயே, உயரமான எழுத்துகளுக்குக் கூடுதல் இடம் விடும் ஓர் அமைப்பைச் சேர்த்தது. அதுவரை தமிழ் போன்ற மொழிகளுக்குச் சாதாரணமாகப் பயன்பட்டது, ஆங்கில வரியின் உயரத்துக்குள் அடங்கும்படி நெருக்கி வரையப்பட்ட எழுத்துரு. புதிய அமைப்பை இயக்கினால் எழுத்து தன் இயல்பான உயரத்தில் வரும். ஆனால் ஒவ்வொரு செயலியும் அதைத் தானாக இயக்கவேண்டியிருந்தது. பல செயலிகள் இயக்கவில்லை. 2018இல் வந்த ஆண்ட்ராய்ட் 9, மாற்றாக வரும் எழுத்துருவின் உயரத்தையும் வரிக் கணக்கில் சேர்க்க வழி செய்தது. 2023இல் வந்த ஆண்ட்ராய்ட் 14, எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்க அனுமதிக்கிறது. அதில் சிறிய எழுத்துகள் அதிகமாகவும் ஏற்கெனவே பெரியவை குறைவாகவும் வளரும் என்பதால், "இரண்டால் பெருக்கினால் போதும்" என்ற கணக்கும் பிழைக்கிறது.

2024இல் வந்த ஆண்ட்ராய்ட் 15ஐ இலக்காகக் கொள்ளும் செயலிகளில் அந்தக் கூடுதல் உயர அமைப்பு தானாகவே இயங்குகிறது. அடுத்து வந்த ஆண்ட்ராய்ட் 16ஐ இலக்காகக் கொள்ளும் செயலிகளில் அதை நிறுத்தவே முடியாது. அறபு, தமிழ், மலையாளம், தெலுங்கு உட்பட பல மொழிகளின் பெயர்களை அதற்கான ஆவணம் குறிப்பிடுகிறது. இது நல்ல செய்தி. ஆனால் இதன் மறுபக்கத்தையும் எமது மென்பொருள்காரர்கள் கவனிக்க வேண்டும். தமிழ் வரி உயரமாகும்போது, உயரம் பூட்டப்பட்ட பழைய பெட்டிகளில் முன்னர் தப்பியிருந்த வசனங்களும் வெட்டுப்படத் தொடங்கலாம். எழுத்துருவை நிறுவனம் சரிசெய்யும், பெட்டியைச் செயலிக்காரர்தான் சரிசெய்ய வேண்டும்.

எமது இளைஞர்களுக்கு

இன்று கல்முனையிலும் காத்தான்குடியிலும் புத்தளத்திலும் மாவனல்லையிலும் மென்பொருள் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தொழுகை நேரம், ஸகாத் கணக்கு, ஜனாஸா அறிவித்தல், பள்ளிவாசல் செய்திகள் என்று சமூகத்துக்கான செயலிகளை எமது பிள்ளைகளே செய்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்.

கூடியவரை உயரத்தை நீங்கள் கணக்கிடாதீர்கள். அகலத்தை மட்டும் கட்டுப்படுத்தி, உயரத்தை லேபலே தீர்மானிக்க விடுங்கள். ஐபோனில் வரிகளின் எண்ணிக்கையைப் பூச்சியம் என்று வைத்தால் எல்லையில்லை என்று பொருள். ஆண்ட்ராய்டில் உள்ளடக்கத்துக்கேற்ப வளரும்படி விடலாம். மொத்தத் திரையும் உருளக்கூடியதாக இருந்தால் எந்த வசனமும் வெட்டுப்படத் தேவையில்லை.

பட்டியல்களிலும் உரையாடல் குமிழிகளிலும் சிலவேளை முன்கூட்டியே அளக்க வேண்டிவரும். அப்போது நான்கு விடயங்கள் ஒன்றாக இருக்கட்டும்: வரையப்போகும் அதே பாணித் தொடர், அதே அகலம், பயனாளி தெரிவு செய்த அதே எழுத்துப் பெருக்கம், அதே வரி இடைவெளி. அகலத்தில் பெட்டியின் உள் ஓரங்களைக் கழித்துவிட்டே அளக்க வேண்டும். ஐபோனில் பவுண்டிங் ரெக்ட் என்ற செயற்பாட்டைப் பயன்படுத்துவோர், பல வரிகளுக்கான தெரிவைக் கொடுக்காவிட்டால் அது ஒரே வரியாகவே அளக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஆண்ட்ராய்டில் ஸ்டாட்டிக் லேஅவுட் இந்த வேலையைச் செய்யும். ஃப்ளட்டரில் டெக்ஸ்ட் பெயின்டர் உண்டு. ஆனால் அங்கே ஸ்ட்ரட் அமைப்பைக் கட்டாயப்படுத்தினால் எல்லா வரியும் ஒரே உயரத்துக்குள் அடைக்கப்பட்டு, அறபுக் குறிகள் அடுத்த வரியோடு மோதும். விடை எதுவாயினும் மேல்நோக்கி முழு எண்ணாக்குங்கள்.

பிறகு சோதியுங்கள். ஆங்கிலத்தில் அல்ல. செயலியில் உள்ள மிக நீளமான தமிழ் வசனத்தை எடுத்து, மிகச் சிறிய திரையுள்ள கைப்பேசியில், எழுத்தை 200 சதவீதமாக்கிப் பாருங்கள். "நீதி", "ஸ்ரீ", "கூட்டுறவு", ஹரகத்துடன் ஓர் அறபு வரி ஆகியவற்றை ஒரே லேபலில் வைத்துப் பாருங்கள். அதில் தப்பினால் அநேகமாக எதிலும் தப்பும்.

"தமிழைச் சுருக்கினால் என்ன?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. ஒரு பொத்தானுக்கு நீண்ட வசனம் தேவையில்லை என்பதை நானும் ஏற்கிறேன். "தங்களது கொடுப்பனவை உறுதிப்படுத்துவதற்கு இங்கே அழுத்தவும்" என்பதற்குப் பதிலாக "பணம் செலுத்து" போதும். மொழிபெயர்ப்பாளர் திரையைப் பார்த்து எழுதினால் இப்படிப் பல இடங்களில் தெளிவாகச் சுருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அவருக்குக் கிடைப்பது ஒரு எக்செல் தாள்தான். எந்தச் சொல் எங்கே வரும் என்று அவருக்குத் தெரியாது. அவரிடம் திரையைக் காட்டுங்கள். இடம் குறைந்த எச்சரிக்கைகளில் தீர்ப்பை முன்னே கொண்டுவரலாம்: "பணம் மீளத் தரப்படாது: முன்பதிவை நீங்கள் இரத்துச் செய்தால்." இலக்கண நடையில் இது அழகில்லாமல் இருக்கலாம், ஆனால் வெட்டுப்பட்டாலும் வாசகர் ஏமாறமாட்டார்.

ஆனால் நிபந்தனைகள், மருந்து அறிவுறுத்தல், கடன் விதிகள் ஆகியவற்றைப் பெட்டிக்காகச் சுருக்குவதை ஏற்க முடியாது. அங்கே பெட்டிதான் வளர வேண்டும். "அப்படியானால் ஆங்கிலத்தில் வைத்துப் பாவியுங்கள்" என்ற பதில் எமது உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் பதிலாகாது. இதே மாற்றம் சிங்கள வாசகர்களுக்கும் பயன்படும். சிங்கள எழுத்திலும் மேலும் கீழும் குறிகள் உண்டு. ஆகவே இது ஒரு சமூகத்துக்கான சலுகைக் கோரிக்கையும் அல்ல.

வாசகர்களும் நிறுவனங்களும்

வாசகர்கள் செய்யக்கூடியது எளிது. பணம், மருந்து, ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட திரையில் வசனம் முற்றுப்பெறாமல் நின்றால் பொத்தானை அழுத்தாதீர்கள். கைப்பேசியைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள், அல்லது எழுத்தின் அளவைத் தற்காலிகமாகக் குறைத்துப் பாருங்கள். பிறகு அந்தத் திரையைப் படம் பிடித்து, எந்த இடத்தில் வெட்டுப்பட்டது என்று ஒரு வரி எழுதி, செயலிக்காரருக்கு அனுப்புங்கள். தனிப்பட்ட விபரங்கள், கணக்கு இலக்கங்கள் படத்தில் தெரியாமல் மறைத்துவிடுங்கள். "தமிழ் சரியில்லை" என்ற பொதுவான குறையை யாரும் திருத்த முடியாது. எந்தத் திரை, எந்த வரி, என்ன கைப்பேசி என்று சொன்னால் ஒரு நாளில் திருத்தலாம்.

செயலி செய்விக்கும் அரச நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்க்கட்டும்: மூன்று மொழிகளிலும், எழுத்தை 200 சதவீதமாக்கிய நிலையிலும், எந்த வசனமும் வெட்டுப்படாமல் காட்டியபின்னரே வேலை பொறுப்பேற்கப்படும். இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி.யும் உள்ளடக்கத்தை இழக்காமல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்க முடிய வேண்டும் என்றே கேட்கிறது. புதிதாக எதையும் நாம் கண்டுபிடித்துக் கேட்கவில்லை.

அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே குர்ஆனில் ஒரு அத்தியாயம், ஸூரத்துல் முதஃப்பிஃபீன், இருக்கிறது. கடைத்தராசைப் பற்றியே நாம் அதை வழமையாக நினைப்போம். ஒருவர் அறிந்துகொள்ள வேண்டிய வசனத்துக்கு அரை அங்குல இடத்தைக் குறைத்து, அந்தக் குறைவை அவர் அறியாமலே "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தானை அழுத்த வைப்பதும் அளவைக் குறைவுதான் என்பது எனது கருத்து. வேண்டுமென்று செய்யப்படுவதல்ல, ஆங்கிலத்தில் மட்டும் பார்த்துவிட்டு வெளியிடுவதால் நடப்பது. எனவே திருத்துவதும் கடினமல்ல. இன்று இரவு உங்கள் கைப்பேசியில் எழுத்தை மிகப் பெரிதாக்கி, நீங்கள் அதிகம் பாவிக்கும் செயலியைத் தமிழில் திறந்து பாருங்கள். எத்தனை வசனங்கள் முற்றுப்பெறுகின்றன என்று எண்ணுங்கள்.